பழுது நீக்குவது பற்றா, கடமையா?

சட்டைப் பையிலிருந்து நழுவிக் களத்துமேட்டுச் சிமெண்டுத் தரையில் விழுந்த செல்போன் ஒன்றை எண்ணிக்கொள்வோம். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை போல் விரிசல் ஓடியிருக்கிறது. ஆனாலும் விளக்கு எரிகிறது, பாட்டு பாடுகிறது, பேரப்பிள்ளையின் படம் அப்படியே இருக்கிறது, டார்ச் அடித்தால் வெளிச்சம் வருகிறது. மேலே சிக்னல் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'நோ சர்வீஸ்' என்று நிற்கிறது. குருவிகுளம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், 'டவர் எடுக்க மாட்டேங்குது'. சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் அழைப்பு வருகிறது. ஆகவே டவரும் கெடவில்லை, சிம்மும் கெடவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. இதைச் சரிசெய்வதா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதா? பார்வைக்கு இது காசுக் கணக்கு. ஆனால் இதற்குள் நம் சமயங்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. அழியும் பொருளின் மேல் பற்று வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உடைந்துபோன ஒன்றை மறுபடியும் உடையாததாக்கப் பாடுபடுவது பற்றுதானே? இல்லை என்பது என் வாதம். பழுது நீக்குவது பற்றிலிருந்து பிறப்பதில்லை. அது பொருளுக்கும் அதைச் சார்ந்த மனிதருக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை. இதற்கான சான்று குருவிகுளத்துக்காரர்கள் ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் போகும் சங்கரன்கோவிலிலும், அதுபோன்ற கோயில்களைக் காத்துவரும் ஆகம மரபிலும் இருக்கிறது.

முதலில் அந்தப் போனுக்கு என்னதான் ஆகிறது என்று பார்த்துவிடுவோம். கோபுரத்திலிருந்து வரும் அலையை வாங்குவது போனின் விளிம்பில் பதிந்திருக்கும் ஆன்டெனா. பல போன்களில் அங்கிருந்து தலைமைப் போர்டுக்கு முடியைவிடச் சற்றே தடித்த கம்பி ஒன்று ஓடும். அதன் முனை மிகச் சிறிய சட்டைப் பித்தானைப் போலிருக்கும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். விழுந்த அதிர்ச்சியில் அது கழன்றிருந்தால், மூடியைத் திறந்து விரல் நுனியால் அழுத்தினாலே டவர் வந்துவிடும். அதைத் தாண்டினால் அலையைப் பெருக்கும் ஐசி, அலையைத் தரவாக மாற்றும் ஐசி, கோபுரத்தோடு உரையாடும் பேஸ்பேண்டு ஐசி என்று வரிசையாக இருக்கின்றன. இவை போர்டில் நிற்பது அடியிலுள்ள ஈயக் குண்டுமணிகளின் மேல். கடுகைவிடச் சிறிய மணிகள் அவை. ஒன்றிரண்டு மணியில் விரிசல் விழுந்தால் போதும், போன் ஊமையாகிவிடும். விழாமலும் இந்தக் கோளாறு வரலாம். சில ஐபோன் 7 போன்களில் போர்டிலுள்ள ஓர் உறுப்பு பழுதாகி 'நோ சர்வீஸ்' காட்டுகிறது என்று ஆப்பிள் நிறுவனமே 2018 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு, இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. பேஸ்பேண்டு வேலை செய்யாத போனில் *#06# அழுத்தினால் வர வேண்டிய 15 இலக்க ஐஎம்இஐ எண் பல நேரம் வருவதில்லை. பெட்டியின் மேல் அந்த எண் அச்சாகியிருக்கிறது. ஆனால் போனுக்குத் தன் பெயரைத் தானே சொல்லத் தெரியவில்லை.

இந்த நிலையை விளக்க, சைவ சித்தாந்தத்தில் மிகப் பொருத்தமான கருத்து ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் வகுத்த சிவஞானபோதத்தின் வழிவந்த ஆசிரியர்கள், உயிரின் இயல்பைச் 'சார்ந்ததன் வண்ணம் ஆதல்' என்று சொல்வார்கள். உயிர் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் தன்மையாகவே விளங்கும். தனித்து நின்று விளங்காது. செல்போனுக்கு உயிர் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் செய்யும் கருவிகளுக்கும் இந்தப் பார்வை பொருந்தும் என்கிறேன். கலப்பை மண்ணைச் சார்ந்து கலப்பை. தறி நூலைச் சார்ந்து தறி. போன் மறுமுனையில் இருக்கும் மனிதரைச் சார்ந்து போன். அந்தச் சார்பு அறுந்தபின், உடம்பு முழுதும் நலமாக இருந்தாலும் அது வேறொரு பொருள். இதற்கு உள்ளேயே சான்று இருக்கிறது. கோபுரத்தோடு தொடர்பு கிடைக்காத போன் சும்மா இருப்பதில்லை. விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் டவர் இல்லாத இடத்தில் சார்ஜ் விரைவாகத் தீர்கிறது. ஆகவே இங்கே உடைந்தது ஒரு கண்ணாடியோ கம்பியோ மட்டுமில்லை, ஓர் உறவு. வானம் பார்த்த கரிசல் பூமியில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போய்விட, வீட்டில் இருக்கும் தாய்க்கு அந்தப் போன்தான் பிள்ளையின் குரல். வங்கிக் கணக்கில் பணம் ஏறிய செய்தியும், ஆதாருக்கான ஓடிபியும், மகளிர் உரிமைத்தொகை வந்த குறுஞ்செய்தியும் அந்த வழியாகத்தான் வருகின்றன. வீட்டில் வைஃபை இல்லாதவர்களுக்கு இந்த ஒரு வழி அடைபட்டால் எல்லா வழியும் அடைபட்டதாகவே ஆகிறது.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். அது எளிதான வாதமில்லை. உடம்பையே நீர்க்குமிழி என்று சொன்ன மரபு நம்முடையது. நிலையாமையைப் பாடாத சித்தர் இல்லை. உடைவது பொருளின் இயல்பு. உடைந்ததும் விட்டுவிடுவதே அறிவு. ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது மாயையில் ஒட்டிக்கொண்டிருப்பது என்று ஒருவர் கேட்டால், அதைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. பழைய பொருளைக் கைவிட மனமில்லாமல் வீடு நிறையச் சேர்த்து வைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது பற்றுதான். ஆனால் இந்த வாதம் உண்மையானால், நிலையாமையை இவ்வளவு சொன்ன அதே மரபு எதையுமே பழுதுபார்த்திருக்கக் கூடாது. நடந்திருப்பது நேர்மாறு. பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு சாத்திரத்தை அது எழுதி வைத்திருக்கிறது. அதன் பெயர் ஜீர்ணோத்தாரணம். ஜீர்ணமானதை, அதாவது மக்கிச் சிதைந்ததை, மேலே தூக்கி நிறுத்துதல் என்பது பொருள். ஆகமங்கள் கும்பாபிஷேகத்தை நான்காக வகுக்கின்றன: புதிதாக எழுப்புவது ஆவர்த்தம், நெடுங்காலம் கவனிப்பின்றியோ இயற்கைச் சீற்றத்தாலோ சிதைந்ததை மீட்பது அநாவர்த்தம், வழிபாட்டில் இருக்கும்போதே வரும் பழுதை நீக்குவது புனராவர்த்தம், களவு முதலிய தீங்குகளால் நேர்ந்த குறைக்குப் பரிகாரமாகச் செய்வது அந்தரிதம். நான்கில் ஒன்றுதான் புதிது செய்வது. மற்ற மூன்றும் பழையதைச் சீராக்குவது. நம் கோயில்கள் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்பதற்குக் காரணம் கல்லின் உறுதி மட்டுமில்லை; கல் உறுதியாக இருக்காது என்பதை ஒப்புக்கொண்டு அதற்கென முறை வகுத்ததும் ஒரு காரணம்.

அந்த முறையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பற்றைப் பற்றிய கேள்விக்கே விடை கிடைக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் மூர்த்தியிலிருக்கும் தெய்வ ஆற்றலை மந்திரங்களால் கும்பத்து நீருக்கு மாற்றுகிறார்கள். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பிறகு பாலாலயம் அமைத்து, பெரும்பாலும் ஒரு மரப்பலகையிலோ படத்திலோ அந்த ஆற்றலை எழுந்தருளச் செய்து பூசையை அங்கே நடத்துகிறார்கள். மூலவர் சன்னிதியில் சிற்பிக்கும் கொத்தருக்கும் வேலை. பீடத்தையும் மூர்த்தியையும் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாக இடிப்பார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்ந்து இளகி ஒன்றாகும் வரை நாள்கணக்கில் இடி விழும். அந்தப் பிணைப்பும் நிலையானதில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதே வழக்கம். கல்லின் மேல் பற்று வைத்தவர் கல்லிலிருந்து தெய்வத்தை வெளியே எடுத்து வைக்கத் துணிவாரா? இங்கே கல் கருவி என்று தெரிந்திருக்கிறது. பூசை ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. கருவியைச் சீராக்குவது அந்தத் தொடர்ச்சிக்காக. செல்போன் கடையில் முதலில் நடப்பதும் இதே ஒழுங்கில்தான். சிம்மைக் கழற்றி வீட்டிலிருக்கும் பழைய பட்டன் போனில் போடுகிறார்கள். எண் உயிரோடு இருக்கிறது, உறவுகள் தொடர்கின்றன. உடம்பு மட்டும் மேசைக்கு வருகிறது. பற்றுக்கும் கடமைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கண்ணால் காணலாம். பற்று, 'இது என்னுடையது' என்று இறுக்கிப் பிடிக்கும். கடமை, 'இதன் வேலை நிற்கக் கூடாது' என்று கையிலிருந்து இறக்கி வைக்கும்.

மூலவரையும் செல்போனையும் ஒரே மூச்சில் பேசுவது அபசாரம் என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. மூர்த்தியில் இருப்பது தெய்வம். போனில் இருப்பது மனிதர் செய்த மின்சுற்று. ஆனால் உயர்ந்த ஒன்றைக் கையாளும்போது கற்ற ஒழுக்கத்தைச் சிறிய பொருள்களிடமும் காட்டச் சொல்வது நம் மரபே. ஆயுத பூசை அன்று தறிக்கும் தராசுக்கும் டிராக்டருக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். செல்போன் கடையில் அன்று ஸ்க்ரூடிரைவருக்கும் சால்டரிங் அயனுக்கும் குங்குமம் வைக்கிறார்கள். கருவிக்கு மரியாதை உண்டு என்று ஆண்டுக்கு ஒருநாள் ஒப்புக்கொள்பவர்கள், அது உடைந்த நாளில் குப்பை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? மேலும் சங்கரன்கோவில் தலத்தின் கதையே இப்படிப்பட்ட பிரிவினைக்கு எதிராக நிற்கிறது. சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் இருவர் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதாடி அம்பிகையிடம் போக, அவள் புன்னைவனத்தில் ஒற்றைக் காலில் தவமிருக்க, ஒரு பாதி சங்கரனும் மறு பாதி நாராயணனுமாக ஒரே திருமேனி எதிரே வந்தது என்பது தல வரலாறு. பொருளில் உடம்பு பெரிதா, அதன் தொடர்பு பெரிதா என்று கேட்பவர்களுக்கும் அங்கே விடை கிடைக்கிறது. இரண்டும் ஒரே திருமேனியாக நிற்கும்போதுதான் காட்சி. போர்டை மட்டும் காப்பாற்றினால் அது காட்சிப் பொருள். எண்ணை மட்டும் காப்பாற்றினால் அது பேச வாயில்லாத பெயர்.

அடுத்த எதிர்வாதம் தத்துவத்தார் கேட்பது. டிஸ்பிளே மாற்றி, பேட்டரி மாற்றி, ஐசியும் மாற்றியபின் அது அதே போன்தானா? வேறு ஒரு போனை உருவாக்கிவிட்டுப் பழையதைக் காப்பாற்றியதாகச் சொல்வது தன்னையே ஏமாற்றுவது அல்லவா? கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க அரசர் மிலிந்தரிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி இதே கேள்வியைத் தேரை வைத்து எழுப்பியதாகப் பாலி நூல் சொல்கிறது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் கூடிய இடத்தில் தேர் என்ற பெயர் நிற்கிறது. குருவிகுளத்துக்கு அடுத்த கழுகுமலைப் பாறையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி, வட்டெழுத்தில் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் பொறித்த சமணர்களின் விடை வேறு. பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால் குடம் அழிந்தது, மகுடம் பிறந்தது, பொன் அப்படியே இருந்தது. மூன்றும் உண்மை என்பது அவர்கள் நெறி. எனக்குச் சமணர் விடை கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. பழுதுபார்த்த போனில் கண்ணாடி அழிந்தது, புதுக் கண்ணாடி வந்தது, தொடர்பின் அடையாளம் நிலைத்தது. சட்டமும் இதையே காக்கிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி கருவியின் அடையாள எண்ணைத் திருத்துவது மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எந்த உறுப்பை மாற்றினாலும் பெயரை மாற்றாதே என்பது இதன் கருத்து. வேறொரு போனின் எண்ணை எழுதி டவர் வரவழைப்பவர் செய்வது பழுதுநீக்கம் ஆகாது, ஆள்மாறாட்டம். நல்ல மெக்கானிக் அதைத் தொடமாட்டார்; உள்ள பெயரை உள்ள உடம்பே திரும்பச் சொல்லும்படி செய்வார்.

அந்த வேலையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பழுதுநீக்கம் பற்றாகாது என்பதற்கு அந்தக் கைகளே சாட்சி. போர்டைத் தாங்கியில் பிடித்து, லென்சுக்கு அடியில் வைத்து, ஐசியைச் சுற்றி ஃபிளக்ஸ் தடவி, சூடான காற்றை வட்டமாகக் காட்டுவார்கள். சூடு குறைந்தால் ஈயம் இளகாது. கூடினால் பக்கத்து ஐசி போய்விடும். ஈயம் இளகிய நொடியில் இடுக்கியால் ஐசியைத் தூக்க வேண்டும். இழுத்தால் போர்டிலுள்ள தாமிரத் தடம் பெயர்ந்துவிடும். பழைய ஈயத்தைச் செம்புப் பின்னல் நாடாவால் ஒற்றி எடுத்து, துளைகள் கொண்ட தகட்டை ஐசியின் மேல் பொருத்தி, ஈயப் பசையைத் தேய்த்துச் சூடாக்கினால் துளைக்கொன்றாகப் புது மணிகள் உருண்டு நிற்கும். இதற்கு ரீபாலிங் என்று பெயர். பிறகு ஐசியை அதன் இடத்தில் வைத்து மறுபடி சூடு காட்டும்போது ஒன்று நடக்கிறது. சற்றே விலகி வைத்திருந்தாலும், இளகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை ஐசியைத் தானாக இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும். மனிதர் செய்ய வேண்டியது அளவான சூட்டைத் தந்துவிட்டுக் கையை அசைக்காமல் வைத்திருப்பது. பொருளைத் தன் விருப்பத்துக்கு வளைக்க நினைப்பவருக்கு இது வராது. பொருளின் இயல்பை அறிந்து அதற்கு இடம் கொடுப்பவருக்கு வரும். 'நான்' என்பது முன்னால் வந்து நின்றால் கை நடுங்கும். ஒரு மணி நேரம் தன்னை மறந்து இன்னொருவருடைய பொருளுக்காகக் குனிந்திருப்பதைப் பற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஆழமான எதிர்ப்பு ஒன்று ஆன்மிகத்தின் பக்கத்திலிருந்தே வருகிறது. தொடர்பு அறுந்தது நல்லதே. ஓயாத அழைப்பும் செய்தியும் மனத்தைச் சிதறடிக்கின்றன. டவர் இல்லாத போன் மௌனத்தைத் தந்த குரு. அதை ஏன் மீண்டும் இரைச்சலில் தள்ளுகிறீர்கள் என்பது அந்த வாதம். மௌனத்தின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மௌனம் ஒருவர் எடுத்துக்கொள்வது. கோளாறு ஒருவர் மேல் விழுவது. பேச முடிந்தும் பேசாதிருப்பது விரதம். வாயடைத்துப்போவதை யாரும் விரதம் என்பதில்லை. உண்ணாநோன்பையும் பட்டினியையும் நாம் ஒன்றாகச் சொல்வதுண்டா? மௌனம் வேண்டுபவர் போனை அணைத்து வைக்கலாம். அணைக்கும் உரிமை இருக்க வேண்டுமானால் அது முதலில் இயங்க வேண்டும். சங்கரன்கோவில் அம்பிகையான கோமதி அம்மனின் தவத்தையும் இங்கே நினைக்க வேண்டும். அவள் ஒற்றைக் காலில் நின்றது உலகத்தைத் துண்டித்துக்கொள்வதற்காகவா? காட்சிக்காக. ஆடித் தபசு அன்று அம்பாள் காத்திருக்க, சுவாமி முதலில் சங்கரநாராயணராகவும் பின்னர் சங்கரலிங்கராகவும் எதிரே வந்து காட்சி தருகிறார். திருவிழாவின் உச்சம் அந்த எதிர்கொள்ளல். தவம் என்பது தொடர்பை அறுப்பது என்று நினைப்பவர்கள் அந்த மாலையில் கூடும் கூட்டத்தின் முகங்களைப் பார்க்கலாம். பிரிந்திருந்தவர்கள் எதிர்ப்படும்போது வரும் மகிழ்ச்சி அங்கே தெரியும்.

கடைசி எதிர்வாதம் மிகவும் நடைமுறையானது. போர்டு வேலைக்கு ஆகும் செலவில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் போன் வந்துவிடும். பழுதுபார்த்தது எத்தனை நாள் உழைக்கும் என்றும் சொல்ல முடியாது. கையில் காசு குறைவாக உள்ளவரிடம் தத்துவம் பேசி நட்டப்படுத்துவது அறமாகாது. இது நியாயமான பேச்சு; இதற்கும் ஆகமமே வழிகாட்டுகிறது. ஜீர்ணோத்தார விதிகள் எல்லாவற்றையும் ஒட்டிவைக்கச் சொல்லவில்லை. சிறு உறுப்புகள் பின்னமானால் சீராக்கலாம். தலை முதலிய பேருறுப்புகள் சிதைந்தால் முறைப்படி நீரில் சேர்த்துவிட்டுப் புது மூர்த்தியை அமைக்க வேண்டும். ஆகவே கைவிடுவதும் மரபுதான். ஆராயாமல் கைவிடுவதுதான் தவறு. போர்டே இரண்டாக முறிந்த போனுக்கு விடைகொடுக்கலாம். பித்தான் முனை கழன்ற போனைக் குப்பையில் போடுவது பாவம். அந்த விடைகொடுத்தலுக்கும் ஒரு முறை வேண்டும். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டும் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. பேட்டரியிலிருக்கும் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் மண் சுமக்கிறார்கள். புதுப் போனின் விலைச் சீட்டில் அந்த உழைப்பும் இந்தக் குப்பையும் ஏறுவதில்லை. நாம் கொடுக்காத விலையை வேறு யாரோ கொடுக்கும்போது, மலிவு என்ற சொல்லை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கடமை என்று சொன்னால் அது வாங்கியவர் தலையில் மட்டும் விழக் கூடாது. செய்தவருக்கும் அதில் பங்குண்டு. திறக்க முடியாதபடி பசையால் ஒட்டுவது, உதிரிபாகம் தராமல் இருப்பது, வேறு கடையில் மாற்றிய உறுப்பை ஏற்காதபடி மென்பொருளால் பூட்டுவது ஆகியவை, பிணைப்பைப் புதுப்பிக்க வழியில்லாமல் ஒரு கோயிலைக் கட்டுவதற்கு ஒப்பானவை. இதை உலகம் உணரத் தொடங்கியிருக்கிறது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து செல்போன்களுக்குப் பழுதுநீக்க மதிப்பெண் அச்சிட வைத்தது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நிறுத்திய பின்னும் ஏழாண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மருந்து சாத்தத் தெரிந்த சமூகத்துக்கு இந்த எண்ணம் புதிதில்லை. கோயிலுக்குச் செய்ததைப் பண்டத்துக்கும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கும்பாபிஷேகத்தின் முடிவில், பாலாலயத்தில் இருந்த ஆற்றல் மூலவரிடம் திரும்பிவிட்டது என்பதைக் கல்லைத் தட்டிப் பார்த்து யாரும் சோதிப்பதில்லை. கதவு திறக்கிறது, தீபாராதனை நடக்கிறது, எதிரே நிற்பவர் கைகூப்புகிறார். தொடர்பு மீண்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். செல்போன் மேசையிலும் அப்படித்தான். கண்ணாடி பளபளப்பதோ ஐசி ஒழுங்காக உட்கார்ந்ததோ முடிவைச் சொல்வதில்லை. பழைய பட்டன் போனிலிருந்து சிம் திரும்பி வருகிறது. கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஓர் எண்ணை அழுத்திக் காதில் வைக்கிறார்கள். பழுது நீங்கியதா என்பதைச் சொல்லும் அதிகாரம் அந்த அறையில் இருக்கும் யாருக்கும் இல்லை; தொலைவில் எங்கோ இருந்து 'சொல்லுங்க' என்று கேட்கும் குரலுக்குத்தான் இருக்கிறது.